ஒட்டு பிடித்ததா, கட்டி தட்டியதா: முகத்தில் ஏற்றிய கொழுப்பைச் சரிசெய்த கதை

என் இடக்கண்ணுக்குக் கீழே, இமையோரத்திலிருந்து அரை விரற்கடை இறங்கி, நான்கைந்து சோற்றுப் பருக்கைகளை வரிசையாக ஒட்டினாற்போல ஒரு மேடு ஏறத்தாழ எட்டு மாதம் இருந்தது. நேராகப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. காலை வெயில் வகுப்பறைச் சன்னல் வழியே சாய்ந்து விழும்போது மட்டும் அதன் நிழல் கன்னத்தில் ஒரு கோடாக இறங்கும். அப்படியொரு காலையில், இரண்டாம் ஆண்டு வகுப்பில் என் மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு, "டீச்சர், அழுதீங்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். பிள்ளை நம்பவில்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பிறந்தவள். இப்போது பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருந்துகொண்டு தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறேன். வயது 46. நீரிழிவு வந்த பிறகு சோற்றைக் குறைத்து, மாலையில் நடந்து, ஒன்றரை ஆண்டில் 13 கிலோ இறக்கினேன். சர்க்கரை அடங்கியது, மருந்தும் குறைந்தது. ஆனால் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. கோயிலிலும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் "உடம்புக்கு என்ன?" என்றே பேச்சைத் தொடங்கினார்கள். உடல்நலம் தேறியவளைப் பார்த்து ஊரே துக்கம் விசாரிக்கும் நிலையில்தான், வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் நிரப்பிக்கொள்ளும் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் இடத்துக்குப் போனேன். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது பிறகு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதும், சரிசெய்யக் கிளம்பியபோது நான் செய்யவிருந்த தவறுகளும்தான் மற்றவர்களுக்கு உதவக்கூடியவை.

முதலில் இந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டதே தவறு நடந்த பின்னர்தான். புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஆனால் 1893ஆம் ஆண்டிலேயே நொய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், கையிலிருந்து எடுத்த கொழுப்பை முகத்துத் தழும்புக் குழியில் வைத்துப் பார்த்திருக்கிறார். 1990களில் நியூயார்க்கைச் சேர்ந்த கோல்மன் என்ற மருத்துவர், கொழுப்பைச் சிறுசிறு துளிகளாகப் பல அடுக்குகளில் இடும் முறையை வகுத்தார். துளி சிறிதாக இருக்க வேண்டிய காரணம் எளிமையானது. எடுத்து வைத்த கொழுப்புக்கு முதல் சில நாள்கள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள சதையிலிருந்து கசியும் நீர்தான் அதற்கு உணவு. அதற்குள் புதிய நுண்குழாய்கள் வந்து சேர வேண்டும். துளி பெரிதானால் வெளிப்புறம் மட்டும் பிழைத்து, நடுப்பகுதி பட்டினியில் மடிந்துவிடும்.

இதை அப்பாவிடம் விளக்கியபோது அவருக்கு உடனே விளங்கியது. அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து நாற்றுமேடையில் பால்மரக் (ரப்பர்) கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். "மொட்டுப் பட்டைய வச்சுக் கட்டிட்டு மூணு வாரம் கழிச்சுத்தான் பிரிச்சுப் பாப்போம். லேசாச் சொரண்டுனா பச்சையா இருந்தா புடிச்சிருக்கு, கறுத்துப் போயிருந்தா செத்துருச்சு. அதுக்கு முன்னால கட்டப் பிரிச்சா எல்லாம் போச்சும்மா" என்றார். மருத்துவர் அரை மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். வேற்றுமை ஒன்று உண்டு: முகத்தில் ஏற்றிய கொழுப்பில் எவ்வளவு தங்கியது என்பது தெரிய மூன்று வாரம் போதாது, மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அதுவும் ஆளுக்கு ஆள், ஒரே முகத்தில் இடத்துக்கு இடம் மாறும்.

எனக்குச் செய்தவர்கள் கண்ணுக்குக் கீழே, இரு கன்னங்களில், நெற்றிப் பொட்டுகளில் என்று ஒரே அமர்வில் ஏற்றினார்கள். மொத்தம் எத்தனை மில்லிலிட்டர், எந்த அடுக்கில், எந்தக் கண்ணுக்கு எவ்வளவு என்ற விவரம் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்த தாளில் வலி மாத்திரையின் பெயரும் கட்டணமும் மட்டுமே இருந்தன. 9,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டியவள், ஒரு பக்கக் குறிப்பைக் கேட்காமல் வந்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு மருத்துவரும் கேட்ட முதல் கேள்வி அந்தக் குறிப்பைப் பற்றியதுதான். சிகிச்சைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே அதை எழுதி வாங்கிவிட வேண்டும். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் இப்போதாவது கடிதம் கொடுத்துக் கேட்க வேண்டும். நான் கடிதம் கொடுத்த பிறகுதான் கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு மூன்று மில்லிலிட்டர் ஏற்றியதாகப் பதில் வந்தது. அவ்வளவு மெல்லிய தோலுக்கு அது மிக அதிகம் என்று புதிய மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

முதல் இரண்டு வாரம் முகம் உப்பிக் கிடந்தது. அது இயல்பு. ஆறாவது வாரம் அழகாக இருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது: இடக்கண்ணின் கீழ் முதலில் சொன்ன மேடு, வலக்கன்னத்தில் உள்ளே உருளும் பட்டாணி அளவுக் கட்டி, இடது நெற்றிப் பொட்டில் ஏற்றியது மொத்தமும் கரைந்து பழைய குழியே மீண்டிருந்தது. போதாக்குறைக்கு, தீபாவளியைச் சுற்றி நான் நான்கு கிலோ ஏறியபோது இரு கன்னங்களும் மற்ற உடம்பைவிட வேகமாகப் பெருத்தன. வயிற்றுக் கொழுப்பு, இடம் மாறினாலும் வயிற்றுக் குணத்தை விடுவதில்லை. எடை ஏறினால் அதுவும் ஏறும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

காத்திருக்க வேண்டிய குறைகளும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத குறைகளும் வேறு வேறு என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஊசி போட்ட உடனேயோ அன்றைக்கோ கண் பார்வை மங்கினாலும், தாங்க முடியாத வலி வந்தாலும், தோல் வெளிறினாலும் வலை போட்டாற்போல நீலம் பாரித்தாலும், பேச்சு குழறினாலும் அது கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் புகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்போது கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். நாள்கள் கழித்துச் சிவந்து, சூடேறி, சீழ் கட்டினால் அது தொற்று. வாரக்கணக்கில் ஆறாமல் கசிந்தால் சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் இருக்கக்கூடும். நீரிழிவுக்காரர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். என்னுடையது இவற்றில் எதுவும் இல்லை. அழகு சார்ந்த குறை மட்டுமே. ஆகவே எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் நான் வீணாக்கவிருந்தேன்.

நான்காம் மாதத்தில் எனக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன, மூன்றும் தவறு. முதலில் செய்த இடத்தில், மேட்டைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கொழுப்பு ஏற்றிச் சமப்படுத்தலாம் என்றார்கள். மேட்டுக்குப் பக்கத்தில் மண் கொட்டினால் தரை சமமாகத் தெரியும் என்பது வீட்டு மனைக்குப் பொருந்தும். நாள்தோறும் அசைகிற இமைக்குப் பொருந்தாது.

இரண்டாவது யோசனை ஈப்போவில் ஓர் அழகு நிலையத்தில் கிடைத்தது. "கரைக்கிற ஊசி" ஒன்று போட்டால் ஒரே வாரத்தில் போய்விடும் என்றார் அங்கிருந்த பெண். பெயரைக் கேட்டேன், ஹயலூரனிடேஸ் என்றார். முன்பணமும் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அது ஹயலூரானிக் அமில ஃபில்லரை, அதாவது தோலுக்கடியில் ஊசியால் நிரப்பும் கூழைக் கரைக்கும் நொதி, கொழுப்பை அது தொடாது என்று அறிந்தேன். எனக்கு ஃபில்லரே போடவில்லை. கொழுப்பைக் கரைக்கும் டியாக்ஸிகோலிக் அமில ஊசி ஒன்றும் உண்டு. 2015இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது தாடைக்கு அடியிலுள்ள கொழுப்புக்காக மட்டுமே. கொழுப்புச் செல்லின் சவ்வையே உடைத்து வீக்கத்தை உண்டாக்கும் அந்த மருந்தைக் கண்ணோரத்தில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். முன்பணம் திரும்பி வரவில்லை.

மூன்றாவது யோசனை அத்தையுடையது. "ஒத்தடம் குடுத்து நல்லாத் தேச்சு விடு, கரஞ்சிரும்" என்றார். மூன்று வாரம் இரவுதோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பிழைத்து வேர்விட்ட கொழுப்பு தேய்ப்பதால் கரைவதில்லை. கண்ணுக்குக் கீழே தோல் கறுத்ததுதான் மிச்சம். அந்தக் கறுப்பு மேட்டின் நிழலை இன்னும் அழுத்திக் காட்டியது. அத்தையைக் குறை சொல்லவில்லை, அவர் இலவசமாகச் சொன்னார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான பிழை ஒன்று இருந்தது. தோலுக்குக் கீழே இருப்பது என்ன என்று யாரும் பார்க்கவில்லை. கைக்கு எல்லாம் கட்டியாகவே தட்டுப்படும். ஆனால் உயிருள்ள கொழுப்பு, மடிந்து எண்ணெயாகிப்போன கொழுப்பு, அதைச் சுற்றி இறுகிய தழும்பு, சுண்ணாம்பு படிந்த உருண்டை, எப்போதோ போட்ட ஃபில்லர் என்று ஒவ்வொன்றும் வேறு பொருள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வீண், சிலவற்றுக்குக் கேடு.

புதிய மருத்துவரைத் தேடும்போது இந்த முறை விளம்பரத்தைப் பார்க்கவில்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் ஒருவர் மருத்துவரா, அந்த ஆண்டுக்கான தொழில் சான்று வைத்திருக்கிறாரா என்று இணையத்திலேயே பார்க்கலாம். தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பிளாஸ்டிக் அறுவை நிபுணரா என்று பார்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் எல்.சி.பி. என்பது அழகியல் மருத்துவம் செய்யச் சுகாதார அமைச்சு தரும் அனுமதிச் சான்று. அது மதிப்புள்ளதே, ஆனால் அறுவை நிபுணர் என்பதற்கு அத்தாட்சி அன்று. முன்பு அந்தச் சட்டகத்தைப் பார்த்தே நான் மயங்கியிருந்தேன். இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்து இருவரிடமும் முன்பதிவு செய்தேன்.

போகும்போது கையோடு கொண்டுபோன பொருள்களில் மிகவும் பயன்பட்டவை படங்கள்தான். சமையலறைச் சன்னலருகே ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்து வெளிச்சத்தில், நேராக, இருபக்கமும் முக்கால் திருப்பி, கண்ணை மேலே உயர்த்தி, சிரித்து என்று மாதம் ஒரு முறை என் மகன் எடுத்துக் கொடுத்தவை. சிகிச்சைக்கு முந்தைய பழைய படங்களும் சேர்ந்திருந்தன. அவற்றை வரிசையாகப் பார்த்த மருத்துவர், வலக்கண்ணுக்குக் கீழே நான் குறையென்று காட்டிய ஒரு மடிப்பு, பத்தாண்டுக்கு முந்தைய குடும்பப் படத்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அது கொழுப்பு செய்த வேலை அன்று, அப்பா வழி வந்தது. ஒரு தேவையற்ற திருத்தத்திலிருந்து அந்தப் படத்தால் தப்பினேன்.

சுங்கை சிப்புட்டில் ஏறினால் இ.டி.எஸ். எனும் விரைவு மின்சார இரயில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பள்ளி விடுமுறை நாளில் முதல் இரயிலில் போய் மாலையில் திரும்பினேன். முதலில் பார்த்தவர் பத்து நிமிடத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வந்தார். இரண்டாமவர் ஒரு பெண் மருத்துவர். என் முகத்தைத் தொடுவதற்கு முன்பே, "முன்பு எப்போதாவது ஃபில்லர் போட்டதுண்டா?" என்று கேட்டார், இல்லையென்றேன், சற்று நேரம் கழித்து அதையே வேறு விதமாகக் கேட்டார். பிறகு ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். அவரிடமே சிகிச்சையைத் தொடர முடிவு செய்தேன்.

அந்த ஸ்கேன் அறையை மறக்க முடியாது. வயிற்றைப் பார்க்கும் பெரிய கருவியன்று; தோலுக்கு அருகிலுள்ளதைத் துல்லியமாகக் காட்டும், விரல் அகலத் தலையுடைய சிறிய கருவி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குளிர்ந்த களிம்பைக் கன்னத்தில் தடவி, அழுத்தாமல் வைத்தார்கள், ஏனெனில் அழுத்தினால் மேடு தட்டையாகிவிடும். முடிந்ததும் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். வலக்கன்னத்தில் நான் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்த பட்டாணி, திரையில் மெல்லிய வெள்ளைக் கரையிட்ட கன்னங்கரிய வட்டமாக இருந்தது. அது எண்ணெய்க் கட்டி. துளி பெரிதாகப் போனதால் நடுவில் மடிந்த கொழுப்பு எண்ணெயாக உருகி, உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டிவைத்திருக்கிறது. ஃபில்லரும் திரையில் இதுபோலக் கருமையாகவே தெரியக்கூடும் என்பதால்தான் இருமுறை கேட்டாராம். இடக்கண்ணின் மேடோ கருமையாக இல்லை. பக்கத்திலிருந்த சொந்தக் கொழுப்பின் சாயலிலேயே, தோலுக்கு மிக அருகில், வரிவரியாகப் படுத்திருந்தது. இரத்த ஓட்டத்தைத் திரையில் நிறமாகக் காட்டும் முறையில் பார்த்தபோது உள்ளே இரத்தம் ஓடியது. அது மடியவில்லை, நன்றாகப் பிழைத்திருக்கிறது, பிழைக்கக் கூடாத ஆழத்தில். வெளியே இரண்டும் கட்டி. உள்ளே ஒன்று ஒட்டுப் பிடிக்காதது, மற்றொன்று தவறான இடத்தில் பிடித்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

எண்ணெய்க் கட்டிக்கு மரத்துப்போகும் மருந்திட்டு ஊசியால் உறிஞ்சினார். உருக்கிய நெய்யைப் போல ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாக வந்தது. உறை உள்ளேயே இருப்பதால் மீண்டும் நிரம்பலாம், அப்படி நிரம்பித் தொந்தரவு தந்தால் வாயின் உட்புறமாகத் திறந்து உறையோடு எடுக்கலாம் என்றார். பாதி அளவுக்கு நிரம்பியது. தொட்டால் மட்டும் தெரிகிறது, தொடுவதை நிறுத்திவிட்டேன்.

இடக்கண்ணின் மேட்டுக்கு அவர் முதலில் கத்தியை எடுக்கவில்லை. மிகவும் நீர்க்கச் செய்த ஸ்டீராய்டு மருந்து, டிரையாம்சினோலோன், ஒரு மில்லிலிட்டரில் பத்திலொரு பங்கு. இந்த மருந்து கொழுப்பையும் தழும்பையும் மெல்ல மெலியச் செய்யும். ஆனால் எது மெலிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அளவு மீறினாலோ மேலாக ஊறினாலோ தோலையும் மெலியச் செய்து குழி பறித்துவிடும், நம்மைப் போன்ற மாநிறத்தோலில் வெள்ளைத் திட்டையும் உண்டாக்கும். ஆகவே ஒரே நாளில் முடித்துவிடும்படி நாம் வற்புறுத்தவே கூடாத மருந்து இது. முழு விளைவு தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; அதற்கு முன் இரண்டாவது ஊசிக்கு அவசரப்படுத்துபவர் தன் தோலுக்கே எதிரி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் வீட்டுக் கருவியில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் சற்று ஏறி இறங்கியது.

ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி. மேடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அதன் மூக்குப் பக்க ஓரத்தில் ஐந்து சென் நாணயத்தின் பாதியளவு ஒரு வெளிறிய நிழல் தட்டியது. மருத்துவர் அதைப் பார்த்தவுடன், "இனி ஊசி வேண்டாம்" என்று நிறுத்தினார். நான் மூன்றாவதையும் போட்டுப் பார்க்கலாமே என்று கெஞ்சினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை பதினோராவது மாதத்தில் நடந்தது. கொழுப்பேற்றி ஆறு மாதம் ஆகும் முன் வெட்டித் திருத்துவதை அவர் விரும்புவதில்லை. வீக்கமும் தழும்பும் அடங்காத இடத்தில் எவ்வளவு எடுப்பது என்பதை யாராலும் கணிக்க முடியாது. அறுவைக்கு முன்பு ஒரு பரிசோதனை செய்தார். என் கீழிமையை இரு விரலால் பிடித்து முன்னே இழுத்துச் சட்டென்று விட்டார். அது எவ்வளவு விரைவாகத் திரும்பிப் போய்க் கண்ணில் ஒட்டுகிறது என்று பார்த்தார். தளர்ந்த இமையாக இருந்தால், இமைமயிருக்குக் கீழே வெட்டும்போது ஆறும் தழும்பு இமையைக் கீழே இழுத்து, கண் மூடாமல் நீர் வடியும் நிலை வரலாம். அந்த அபாயத்தைப் படிவத்தில் எழுதியிருந்ததோடு, கையொப்பமிடும் முன் என் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கும் அறிக்கையைக் காட்டிய பிறகுதான் நாள் கொடுத்தார். நான் சாப்பிட்டுவந்த மீனெண்ணெய், பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் அவரிடம் பட்டியலாகக் கொடுத்தேன். இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவற்றை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

என்னை உட்கார வைத்துத்தான் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் முகத்தின் மேடுபள்ளம் மாறிவிடும். பிறகு மரத்துப்போகும் ஊசி, ஐம்பது நிமிட வேலை. நடுவில் தலையை உயர்த்திவைத்து இரண்டு முறை பார்த்தார். வலி இல்லை, நூலை இழுப்பதுபோல ஒரு சொரசொரப்பை மட்டும் உணர்ந்தேன். எடுத்ததைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார், பார்த்தேன். ஈரத் துணியின்மேல், வேகவைத்த கம்பு மணிகள் சிலவற்றைப் போல மஞ்சள் துண்டுகள். அவற்றைப் பின்னிக்கொண்டு வெள்ளை நார். எட்டு மாதம் என்னைக் கண்ணாடிக்கு முன் நிறுத்திவைத்தது ஒரு தேக்கரண்டியின் அடியைக்கூட மறைக்காது. முழுவதும் எடுக்கவில்லை. தோலோடு ஒட்டிய மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறார், ஏனெனில் எல்லாவற்றையும் சுரண்டியெடுத்தால் மேடு இருந்த இடத்தில் குழி விழும், குழியை நிரப்புவது மேட்டைக் குறைப்பதைவிடக் கடினம்.

ஐந்து நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு), அதன் பின் வார இறுதி. தையலைப் பிரித்த பிறகும் மூன்று வாரம் கறுத்துக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்தேன். இதையெல்லாம் நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வதே ஆசிரியர்களுக்கு நல்லது. எனக்கு அந்த நாள் கிடைக்கவில்லை.

பெருத்த கன்னங்களுக்கு மருத்துவர் ஒன்றும் செய்யவில்லை. நுண்குழலால் உறிஞ்சலாம்தான், ஆனால் முதலில் ஏறிய நான்கு கிலோவை இறக்கிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். இறக்கியபோது கன்னமும் இறங்கியது, பேச்சே முடிந்தது. எடை ஏறி இறங்கும் வழக்கமுள்ளவர்கள், எடை நிலையான பிறகே திருத்தத்துக்கு நாள் குறிப்பது பணத்தை மிச்சப்படுத்தும். இடது பொட்டின் குழிக்கு இன்னொரு முறை சிறிதளவு கொழுப்பேற்றலாம் என்றார். முடியை முன்னே விட்டால் மறைகிறது, வேண்டாம் என்றுவிட்டேன்.

திருத்தத்துக்கு ஸ்கேன், ஊசிகள், அறுவை, இரயில் கட்டணம் எல்லாம் சேர்த்து 7,200 வெள்ளிவரை ஆனது. முதலில் செய்த இடம் ஒரு காசும் தரவில்லை. தனியார் மருத்துவ நிலையங்களைப் பற்றிய புகாரைச் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமும், மருத்துவரின் நடத்தை பற்றியதை மருத்துவ மன்றத்திடமும் எழுதிக் கொடுக்கலாம். நான் முதலாவதுக்கு எழுதினேன், படங்களின் நகலையும் ரசீதையும் இணைத்தேன். கோபத்தை எழுதாமல் தேதிவாரியாக நடந்ததை மட்டும் எழுதியது என் கணவரின் யோசனை. அவர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருப்பவர், புகார்க் கடிதங்களை வாங்கிப் பழகியவர்.

இப்போது அறுவை நடந்து ஏழு மாதம். இமைமயிருக்குக் கீழே தழும்பு, தேடினால்தான் தெரிகிற கோடு. வெளிறிய நிழல் இன்னும் இருக்கிறது. முன்பைவிட மங்கல், வெயிலில் போகும்போது மட்டும் தொப்பி போட்டுக்கொள்கிறேன். சன்னலோர வெயிலில் கோடு இறங்குவதில்லை. இந்த மருத்துவர் கொடுத்த அறுவைக் குறிப்பு இரண்டு பக்கம்: எந்த இடம், எந்த அடுக்கு, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு விட்டது. அதை ஸ்கேன் படத்தோடும் மகன் எடுத்த படங்களோடும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனை பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில்.